வீட்டில் 130, மேட்ச்சில் 124.9: கையால் ஏற்றிய 9 மி.மீ. தோட்டாவின் வேகம் எங்கே போச்சு?

#1 வடடெக்சாஸ்

வணக்கம் மக்களே. சனிக்கிழமை நடந்த யூ.எஸ்.பி.எஸ்.ஏ. (அமெரிக்க நடைமுறைத் துப்பாக்கிச் சுடுதல் சங்கம்) மேட்ச்சில் குரோனோவில், அதாவது தோட்டா வேகம் அளக்கும் கருவியில், தோத்துட்டேன். ரெண்டு நாளா தூக்கம் சரியில்லை. விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நான் சுடுவது கேரி ஆப்டிக்ஸ் (ஒளிப்புள்ளிக் குறிகாட்டி மாட்டின பிஸ்டல்) பிரிவு. தோட்டா எல்லாம் கராஜில் நானே ஏற்றுவது. பாலிமர் பூசின 147 கிரெய்ன் எடை ஈய புல்லட் (தோட்டாவிலிருந்து பறக்கும் குண்டு), பொறுக்கிக் கழுவின பிராஸ் (சுட்டுக் காலியான பித்தளைக் கூடு). உள்ளரங்கு ரேஞ்சில் என் மடக்குக் குரோனோவை வைத்துப் பத்து ரவுண்டு சுட்டதில் சராசரி வினாடிக்கு 887 அடி வந்தது. 147-ஐ 887-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் பவர் ஃபேக்டர் 130.4. குறைந்த தரமான மைனருக்கு 125 போதும். ஐந்து புள்ளி மிச்சம் இருக்கிறது என்று நிம்மதியாகத்தான் போனேன்.

மூணாவது ஸ்டேஜில் ஆர்.ஓ. (ரேஞ்ச் நடுவர்) என் பெல்ட்டிலிருந்து எட்டு ரவுண்டு வாங்கிப் பையில் போட்டார். குரோனோ மேசையில் முதல் ரவுண்டைச் சுத்தியல் மாதிரி இருக்கும் புல்லரில் (புல்லட்டைக் கழற்றும் கருவி) மாட்டி மேசைக் கட்டையில் மூணு தட்டு. புல்லட் கழன்று விழுந்தது. தராசில் வைத்தார்கள்: 145.6. அப்பவே வயிற்றில் ஏதோ செய்தது.

முதல் மூணு: 852, 846, 861. பெருக்கிப் பார்த்தால் 124.2. அடுத்த மூணு: 858, 849, 855. ஆறில் பெரிய மூணை எடுத்துக் கணக்குப் போட்டார்கள். 861, 858, 855. சராசரி 858. வந்தது 124.92. தசமத்துக்குப் பின்னால் இருப்பதை ரூல்புக் எண்ணாது, 124.99 வந்தாலும் 124தான். கடைசி ரவுண்டைச் சுடுகிறாயா, புல்லட்டைப் பிடுங்கி நிறுக்கிறாயா என்று கேட்டார்கள். நிறுக்கச் சொன்னேன். 145.5. அதோடு முடிந்தது. மீதி ஸ்டேஜ் எல்லாம் சுட்டேன், ஸ்கோர் கிடையாது.

வீட்டில் 887, அங்கே 850 சொச்சம். அதே பிஸ்டல், அதே பேரல், அதே வாளியிலிருந்து அள்ளின ரவுண்டு. முப்பத்தைந்து அடி எங்கே போச்சு?

#2 பழைய_ரிவால்வர்

தம்பி, முதலில் மனசைத் தேத்திக்கோ. இருபது வருஷமா சுடுறவங்களும் அந்த மேசையில் நின்று முழித்ததைப் பார்த்திருக்கேன்.

உன் கணக்கில் ரெண்டு எண் இருக்கு. வேகம் ஒண்ணு, எடை ஒண்ணு. எல்லாரும் வேகத்தையே பார்ப்பாங்க. பெட்டி மேல 147 என்று போட்டிருந்தால் அது அச்சுக்கு வைத்த பேர், அவ்வளவுதான். வார்ப்பு ஈயத்தில் கலவை கொஞ்சம் மாறினாலே எடை மாறும். 145.6-க்கு 125 வாங்க உனக்கு 859 அடி வேணும். நிஜமான 147-ஆக இருந்திருந்தால் 851 போதும். பார், ஒரு புல்லட்டைக்கூட நிறுக்காமல் விட்டதில் மட்டும் எட்டு அடி போயிடுச்சு.

பெட்டியைத் திறந்து அங்கங்கே கையை விட்டு இருபது எடு. ஒவ்வொண்ணா நிறுத்து எழுது. சராசரியை விட்டுடு, அதில் எது ரொம்ப லேசோ அதை வைத்துக் கணக்குப் போடு. மேசையில் எந்தப் புல்லட் ஆப்படும் என்று உனக்குத் தெரியாது.

#3 அடையார்_25மீ

சென்னையிலிருந்து எழுதுகிறேன், இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நான் 25 மீட்டர் ஸ்போர்ட்ஸ் பிஸ்டலும் சென்டர் ஃபயரும் சுடுபவன். எங்கள் ஆட்டத்தில் வேகத்தை யாரும் அளந்து மார்க் போடுவதில்லை. பாயிண்ட் 22-க்கு ஃபேக்டரி ரவுண்டு, சென்டர் ஃபயரில் பெரும்பாலும் பாயிண்ட் 32 வாட்கட்டர் (தட்டை முனைப் புல்லட்). காகிதத்தில் எங்கே துளை விழுகிறது என்பது மட்டும்தான் பேச்சு. இங்கே 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிக்கவும் முடியாது. அதனால் கேட்கிறேன் அண்ணா, அங்கே வேகத்துக்கு எதற்கு இவ்வளவு காவல்?

#4 பழைய_ரிவால்வர்

நல்ல கேள்வி தம்பி. எங்க ஆட்டத்தில் துல்லியத்தோடு நேரமும் சேர்ந்து எண்ணப்படும். பவுடரைக் குறைத்தால் உதை குறையும், முனை தூக்காது, ரெண்டாவது ஷாட் சீக்கிரம் போகும். அதுக்கு ஒரு தரை போடலைன்னா ஆளாளுக்குக் குறைத்துக்கிட்டே போய், தோட்டா பேரலை விட்டு வெளியே வந்தாலே போதும் என்கிற நிலைக்கு வந்துடும். அதனால 125 மைனர், 165 மேஜர். மேஜர் சுடுறவன் கூடுதல் உதையைத் தாங்குறதுக்குக் கூலியா குறி அட்டையில் சி மண்டலத்துக்கு 4, டி மண்டலத்துக்கு 2 வாங்குவான். மைனருக்கு அதே இடத்தில் 3, 1. நடுவுல ஏ அடித்தால் ரெண்டு பேருக்கும் 5.

அளக்கிற ஆசையும் புதுசு இல்லை. 1742-லேயே இங்கிலாந்தில் பெஞ்சமின் ராபின்ஸ் ஒரு ஊசலைத் தொங்கவிட்டு அதில் குண்டைச் சுட்டு, ஊசல் எவ்வளவு தூரம் ஆடுதுன்னு பார்த்து வேகம் கணக்குப் போட்டார். எடை பெருக்கல் வேகம், உந்தம். எங்க பவர் ஃபேக்டரும் அதே பெருக்கல்தான். ஆரம்ப நாள்ல இந்த ஆட்டத்துலயே ஊசல் வச்சுத்தான் தோட்டாவைச் சோதிச்சாங்க.

#5 கணக்குப்பிள்ளை

மேட்ச் எண்கள் ஆறையும் எடுத்துப் பார்த்தேன். சராசரி 853.5. திட்ட விலக்கம் 5.6. பெரியதுக்கும் சின்னதுக்கும் இடைவெளி 15.

இந்த 5.6 நல்ல சேதி. ஆறு ரவுண்டு ரொம்பச் சின்னக் கூட்டம்தான், உண்மை விலக்கம் 3.5-லிருந்து 13.8 வரைக்கும் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். ஆனாலும் மேல்பக்கமே 14 என்றால் கராஜில் ஏற்றிய ரவுண்டுக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பவுடர் மெஷர் (பவுடர் அளந்து விடும் கருவி) ஒழுங்காக விடுகிறது, கிரிம்ப் (புல்லட்டைப் பிடிக்கக் கூட்டின் வாயை இறுக்குவது) ஒரே மாதிரி விழுகிறது என்றுதான் அர்த்தம். சிதறல் இருந்தால் கையைச் சந்தேகப்படலாம். இங்கே ஆறும் ஒட்டுமொத்தமாகக் கீழே இறங்கி உட்கார்ந்திருக்கின்றன. ஆகவே வீட்டுச் சராசரிக்கும் மேட்ச் சராசரிக்கும் நடுவே ஏதோ ஒன்று நிலையாகத் தள்ளியிருக்கிறது. என் சந்தேகம் அளந்த கருவி மேல்.

இன்னொன்று. சொன்னால் வலிக்கும், ஆனால் அடுத்தவருக்கு உதவும். கடைசி ரவுண்டைச் சுட்டிருந்தால் ஏழில் பெரிய மூணு எடுப்பார்கள். 857 வந்திருந்தால் போதும், 125.02 ஆகியிருக்கும். உங்கள் ஆறில் ரெண்டு ரவுண்டு 857-ஐத் தாண்டியவை. நீங்கள் எடுத்த நிறுக்கும் வழி பலிக்கப் புல்லட் 145.7 காட்டியிருக்க வேண்டும். வேகம் ரவுண்டுக்கு ரவுண்டு மாறுகிற அளவுக்கு உங்கள் புல்லட் எடை மாறவில்லை என்றால், சுடுவதுதான் நல்ல பந்தயம்.

#6 பித்தளை_பொறுக்கி

வடடெக்சாஸ், உங்க குரோனோ உள்ளரங்கில் எந்த வெளிச்சத்தில் வேலை செஞ்சது? அந்தக் கருவி புல்லட்டைப் பார்க்கிறதில்லை. நிழலைத்தான் பார்க்குது. முதல் கண்ணு மேல நிழல் விழுந்ததும் கடிகாரம் ஓடும், ரெண்டாவது கண்ணு மேல விழுந்ததும் நிக்கும். ரேஞ்சு விளக்கு மின்சாரத்தோட சேர்ந்து வினாடிக்கு 120 தடவை மினுக்கும். நம்ம கண்ணுக்குத் தெரியாது, அதுக்குத் தெரியும். நான் அப்படி ஒரு மாசம் பொய் எண்ணை நம்பி ஏமாந்திருக்கேன். வெளியிலயும் சாயங்கால வெயில் சாய்வா வந்தா ரெண்டு கண்ணும் ரெண்டு விதமா முழிக்கும்.

இன்னொரு கேள்வி. முனையிலிருந்து எவ்வளவு தூரத்தில் வச்சீங்க? ரொம்பக் கிட்ட வச்சா புல்லட்டுக்கு முன்னாடி வர்ற புகையும் காத்தழுத்தமும் கடிகாரத்தை முன்கூட்டியே கிளப்பிடும். பத்து அடியாவது தள்ளி வைக்கணும்.

ரேடார் வச்சிருக்கிற யாராவது பக்கத்தில் இருந்தா அதை வாங்கிப் பாருங்க. 2023-ல கார்மின் அந்தக் கையடக்க ரேடாரைக் கொண்டு வந்ததிலிருந்து எங்க கிளப்ல கம்பி நட்டு மறைப்பு மாட்டுற வேலையே குறைஞ்சு போச்சு. மேசை மேல வச்சுட்டுப் பக்கத்துல நின்னு சுட்டா போதும்.

#7 சிவகாசி_மண்

ஒரு விஷயத்தை யாரும் தொடலை. பவுடர் உள்ளே எங்கே படுத்திருக்கு?

9 மி.மீ. கேஸில் (பித்தளைக் கூட்டில்) வேகமா எரியற பவுடரைக் கொஞ்சமா போட்டா உள்ளே காலி இடம் இருக்கும். முனையைக் கீழே சாய்ச்சு மெதுவா மேலே கொண்டு வந்து சுட்டா பவுடர் புல்லட் பக்கம் ஒதுங்கியிருக்கும். முனையை வானத்துக்குக் காட்டிட்டு இறக்கினா பின்னாடி தீ மூட்டுற ப்ரைமர் மேல படுத்திருக்கும். ரெண்டுக்கும் வேகம் ஒண்ணா வராது. பாயிண்ட் 38 ஸ்பெஷல் மாதிரி நீளக் கேஸில் இது ரொம்ப ஜாஸ்தி. சும்மா உட்கார்ந்து ஒவ்வொண்ணா சுடும்போது நம்ம கை எப்படிப் பழகியிருக்கோ அப்படியே எல்லா ரவுண்டும் போகும். மேட்ச் மேசையில் வேற கை சுடுது.

அப்புறம் குளிர். சனிக்கிழமை காலையில் உங்க பக்கம் எவ்வளவு? நீங்க அளந்தது ஏ.சி. போட்ட ரேஞ்சில். பையில் ஒரு மணி நேரம் வெளியே கிடந்த ரவுண்டு வேற.

எங்க அப்பா பட்டாசு ஆலையில் மருந்து கலக்குற அறையில் வேலை பார்த்தவர். ஒரே மருந்து காத்தோட்டத்துக்கு, ஈரத்துக்கு, இறுக்கத்துக்கு எப்படி மாறும்னு சாப்பாட்டுத் தட்டு முன்னாடி உட்கார்ந்து சொல்வார். நான் ஏத்துற மேசையில் இன்னைக்கும் பருத்திச் சட்டைதான் போடுவேன், பக்கத்தில் போன் வைக்க மாட்டேன், ஒரு தடவைக்கு ஒரே பவுடர் டப்பாதான் மேசை மேல இருக்கும்.

#8 வடடெக்சாஸ்

எல்லாருக்கும் நன்றி. காலையில் வெளியே 38 டிகிரி ஃபாரன்ஹீட், நல்ல குளிர். குரோனோவைப் பன்னிரண்டு அடி தள்ளி வைத்துச் சுட்டேன், அகச்சிவப்பு விளக்குப் பட்டை மாட்டித்தான். ஆகவே மினுக்கல் இருக்காது என்று நினைக்கிறேன். பெட்டியைப் புத்தகம் மாதிரி விரித்துக் கம்பி நடும் வகை. ரெண்டு கண்ணுக்கும் நடுவே ஒரு அடி. விளக்கைச் சுட்டு உடைத்துவிடக் கூடாது, கீழே பெட்டியிலும் பட்டுவிடக் கூடாது என்ற பயத்தில் எப்பவும் நடுவாக, கண்ணுக்கு ஆறு அங்குலம் மேலேயே சுடுவேன்.

#9 பித்தளை_பொறுக்கி

விரிக்கிற வகையா! அப்ப ஒரு வேலை செய்யுங்க. ரெண்டு அங்குல உயரத்தில் அஞ்சு, ஆறு அங்குல உயரத்தில் அஞ்சு சுடுங்க. காகித டேப்பை ரெண்டு கம்பிக்கும் குறுக்கே ஒட்டி உயரத்தைக் குறிச்சுக்கோங்க. எண் ரெண்டும் ஒண்ணா வந்தா பெட்டி நேரா இருக்கு. வேற வேறயா வந்தா கீலைப் பாருங்க.

#10 வடடெக்சாஸ்

ஞாயிற்றுக்கிழமை முழுக்க ரேஞ்சில் இருந்தேன். நண்பர் ஒருவர் ரேடாரோடு வந்தார். வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் பழைய குரோனோவையும் ரேடாரையும் ஒன்றாக வைத்து இருபது ரவுண்டு. அதே புல்லட், அதே நொடி, ரெண்டு கருவி. ரேடார் சராசரி 861. என் குரோனோ 887. அதாவது நான் நம்பின எண் அப்படியே திரும்ப வந்தது, பொய்யாக.

அடுத்து டேப் ஒட்டி உயரம் மாற்றினேன். ஆறு அங்குலத்தில் 887 பக்கம். ரெண்டு அங்குலத்தில் 870. ரேடார் ரெண்டு தடவையும் 860-ஐ ஒட்டியே நின்றது. பித்தளை_பொறுக்கி அண்ணே, உங்க காலைத் தொடணும்.

பெட்டியை மடக்கிக் கீல் பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தேன். விரித்தால் ரெண்டு பாதியும் முட்டி நிற்க வேண்டிய இடுக்கில், கீலுக்கு ஒரு அங்குலம் கீழே, ஒரு பழுப்புத் துணுக்கு. ஊசியால் நெம்பி எடுத்தேன். பிராஸ் பளபளக்க டம்ளர் எந்திரத்தில் போடுவோமே, அந்த வால்நட் ஓட்டுத் துண்டு. காலிப்பரில் 1.5 மி.மீ. குரோனோவை டம்ளர் இருக்கும் அலமாரியிலேயே வைத்திருந்தது நான்தான்.

துடைத்து விரித்ததும் அதே ஆறு அங்குல உயரத்தில் சராசரி 862.

அப்புறம் சிவகாசி அண்ணன் சொன்னது. ஒவ்வொரு ரவுண்டுக்கும் முனையைப் பாதுகாப்பான கோணத்திலேயே கொஞ்சம் தூக்கி இறக்கி பத்து, தாழ்த்தி ஏற்றி பத்து. ரேடாரில் 869-ம் 848-ம். இருபத்தோரு அடி! இத்தனை நாள் இதை நான் யோசித்ததே இல்லை. மேட்ச்சில் 853 வந்ததற்குக் குளிர் பாதி, இது பாதி என்று நினைக்கிறேன்.

புல்லட் இருபது நிறுத்தேன். மிக லேசானது 145.2, கனமானது 146.1. ஒன்றுகூட 147 இல்லை.

#11 கணக்குப்பிள்ளை

கணக்கு அழகாக ஒத்துப்போகிறது. பெட்டி வி மாதிரி லேசாகக் குவிந்து நின்றால் ரெண்டு கண்ணின் பார்வையும் மேலே போகப் போக ஒன்றையொன்று நோக்கிச் சாயும். பக்கத்துக்கு 1.7 டிகிரி சாய்ந்தாலே ஆறு அங்குல உயரத்தில் பன்னிரண்டு அங்குல இடைவெளி 11.64 ஆகிவிடும். கருவிக்கு அது தெரியாது, பன்னிரண்டு என்றே வைத்து வகுக்கும். 861-ஐ 11.64-ஆல் வகுத்துப் பன்னிரண்டால் பெருக்குங்கள், 887.6. ரெண்டு அங்குலத்தில் இடைவெளி 11.88, அதற்கு 870. ஒரு அங்குலத்துக்குக் கீழே 1.5 மி.மீ. துணுக்கு என்றால் மொத்தம் மூணரை டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு. சரியாக அதே சாய்வு.

#12 சிவகாசி_மண்

கண்டுபிடிச்சது ரொம்ப சந்தோஷம். ஆனா ஒண்ணு சொல்லியே ஆகணும், படிக்கிற புதுப் பிள்ளைங்களுக்காக.

உங்க குரோனோ கூட்டிக் காட்டுச்சு. அதனால நீங்க பவுடரைக் குறைவா வச்சீங்க, மேட்ச் போச்சு, வேற ஒண்ணும் ஆகலை. அதே கருவி குறைச்சுக் காட்டியிருந்தா? 125 வரலையேன்னு பவுடரை ஏத்திக்கிட்டே போயிருப்பீங்க. 9 மி.மீ.க்கு SAAMI (அமெரிக்கத் துப்பாக்கி, தோட்டா தயாரிப்பாளர்களோட தர அமைப்பு) வச்சிருக்கிற உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. குரோனோ அழுத்தத்தைக் காட்டாது. பிஸ்டல் ரவுண்டில் ப்ரைமர் தட்டையாச்சா இல்லையான்னு பார்த்து அழுத்தம் சொல்ற வித்தையையும் நம்பாதீங்க. பவுடர் கம்பெனி புத்தகத்தில் தொடக்க அளவு, உச்ச அளவு, அதுக்கு வர்ற வேகம் மூணும் போட்டிருக்கும். உச்ச அளவைத் தொடாமலே புத்தக வேகத்தைத் தாண்டுதுன்னா சந்தோஷப்படக் கூடாது, நிறுத்திட்டுத் தராசு, கருவி, புல்லட் உட்கார்ந்த ஆழம் எல்லாத்தையும் பார்க்கணும். இந்தச் சின்னக் கேஸில் புல்லட் கொஞ்சம் ஆழமா இறங்கினாலே அழுத்தம் எகிறும்.

கீழ்ப்பக்கமும் ஆபத்து உண்டு. பவுடர் விழாத ரவுண்டு ஒண்ணு நடுவுல வந்தா ப்ரைமர் மட்டும் வெடிச்சுப் புல்லட் பேரல்லயே நிக்கும். சத்தம் 'டப்'னு சின்னதா வந்தாலோ, குரோனோவில் எண் விழலைன்னாலோ, கருவி கோளாறுன்னு நினைச்சு அடுத்ததைச் சுட்டுடாதீங்க. இறக்கி, காலி பண்ணி, பேரல்ல கம்பி விட்டுப் பாருங்க. வேகம் அளக்கும்போதுதான் இந்தத் தப்பு அதிகம் நடக்கும், ஏன்னா எண் விழாதது நமக்குப் பழகிப் போயிருக்கும்.

#13 அடையார்_25மீ

இந்தப் பதிவை எங்கள் ரேஞ்சில் ரெண்டு பேருக்குப் படித்துக் காட்டினேன். எங்களுக்கும் ஏர் பிஸ்டல் பெல்லட் வேகம் பார்க்க மடக்குக் குரோனோ ஒன்று உண்டு. நாளை டேப் ஒட்டி ரெண்டு உயரத்தில் சுட்டுப் பார்க்கப் போகிறோம். நன்றி அண்ணா.

#14 பழைய_ரிவால்வர்

வடடெக்சாஸ் தம்பி, இனி எவ்வளவு வைக்கப் போறே?

#15 வடடெக்சாஸ்

ரெண்டு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

புத்தகத்தின் உச்ச அளவுக்குள்ளேயே பவுடரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஒவ்வொரு அளவுக்கும் பத்து ரவுண்டு, ரேடாரில். 894-ல் நிறுத்தினேன். இந்தத் தடவை கணக்கை 145.2-க்குப் போட்டேன், 129.8 வருகிறது. முனையைத் தாழ்த்தி ஏற்றியும் பத்து சுட்டேன், 879. அதே லேசான புல்லட்டுக்கு 127.6. ஐஸ் பெட்டியில் ராத்திரி முழுக்க வைத்த பத்தும் 880-க்குக் கீழே போகவில்லை. உதை கூடினது கையில் லேசாகத் தெரிகிறது, பழகிவிடும்.

நேற்று பக்கத்து ஊர் மேட்ச். குரோனோ மேசையில் புல்லட் 145.7. வேகம் 893, 899, 890. பவர் ஃபேக்டர் 130.3. மூணே ரவுண்டில் அனுப்பிவிட்டார்கள்.

குரோனோவை வரவேற்பறை அலமாரிக்கு மாற்றிவிட்டேன், வீட்டில் கொஞ்சம் முணுமுணுப்பு. இந்தப் பெட்டியில் இன்னும் 1,200 புல்லட் பாக்கி இருக்கிறது. அது தீரும்வரை இதே அளவுதான். புதுப் பெட்டி வந்ததும் இருபதை நிறுத்து எடையை இங்கேயே போடுகிறேன்.